யாரிடம் மனம் திறப்பது?

"நல்ல கவுன்சலிங் ஒன்று போய்ப் பாரேன்" என்ற யோசனை இன்று எளிதாகக் கிடைக்கிறது. நண்பர்கள் சொல்கிறார்கள். கல்லூரியில் சொல்கிறார்கள். குடும்ப நல நீதிமன்றத்திலும் சொல்கிறார்கள். யாரிடம் போவது என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் தடுமாறுகிறது. இணையத்தில் தேடினால் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒருவர் டாக்டர், ஒருவர் சைக்காலஜிஸ்ட், ஒருவர் கவுன்சலர், இன்னொருவர் மைண்ட் கோச். கட்டணம் சில நூறு ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரம் வரை போகிறது. ஏற்கெனவே சோர்ந்துபோயிருப்பவர் இதைப் பார்த்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைக் கீழே வைத்துவிடுகிறார்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் அது நடந்தது. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. பாதிப்பின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரையானவர்களுக்குச் சிகிச்சை சென்று சேரவில்லை. இதற்குக் காரணங்கள் பல: ஊர் என்ன பேசும் என்ற கூச்சம், தூரம், பணம், நிபுணர் பற்றாக்குறை. யாரிடம் போவது என்று தெரியாத குழப்பமும் அவற்றில் ஒன்று. இந்த ஒன்றையாவது தகவலால் குறைக்க முடியும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பேச்சின் வழியாகவும் பயிற்சிகளின் வழியாகவும் மனத் துயரைக் குறைக்கும் சிகிச்சையை இங்கே உளச்சிகிச்சை என்கிறோம். பலர் தெரபி என்றும் கவுன்சலிங் என்றும் சொல்வது இதைத்தான். அதைத் தருபவர் உளச்சிகிச்சையாளர்.

யார், என்ன படித்தவர்?

இந்தியாவில் நான்கு வகையினர் இந்தப் பணியைச் செய்கிறார்கள்.

முதல் வகையினர் மனநல மருத்துவர்கள். எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர்கள். மருந்து எழுதித் தருபவர்கள் இவர்களே. சிலர் உளச்சிகிச்சையும் தருகிறார்கள். ஆனால் கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். அதனால் பேச்சுச் சிகிச்சைக்கு வேறொருவரிடம் அனுப்புவது வழக்கம்.

இரண்டாம் வகையினர் மருத்துவ உளவியலாளர்கள். உளவியலில் முதுகலை முடித்தபின், மருத்துவமனையில் மேற்பார்வையுடன் நோயாளிகளைப் பார்த்தபடியே பயிலும் இரண்டாண்டு எம்.ஃபில்.தான் நீண்ட காலமாக இதற்கான தகுதி. படிப்புகளின் பெயர்கள் இப்போது மாறிவருகின்றன. ஆகவே பட்டத்தின் பெயரைக் காட்டிலும் பதிவு எண்ணைப் பார்ப்பது நல்லது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் இவர்களைப் பதிவு செய்கிறது. அந்த எண்ணை அதன் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

மூன்றாம் வகையினர் மனநல சமூகப் பணியாளர்கள். சமூகப் பணியில் முதுகலையும் மனநலத் துறையில் மேற்பயிற்சியும் பெற்றவர்கள். குடும்பச் சிக்கல், வேலை, மறுவாழ்வு ஆகியவற்றை நோயுடன் சேர்த்துப் பார்ப்பது இவர்களின் பலம். அரசு மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் இவர்களைக் காணலாம்.

நான்காம் வகையினர் ஆலோசகர்கள். ஆலோசனை உளவியலில் இரண்டாண்டு முதுகலை முடித்து, மூத்தவர்களின் மேற்பார்வையில் பல ஆண்டுகள் பணிபுரிந்த திறமையானவர்கள் இவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சில வாரச் சான்றிதழ் வகுப்பை முடித்துப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினருக்கும் கதவில் ஒரே பெயர்தான். 2021இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பதிவுமுறை முழுமையாக வேரூன்றும்வரை, ஆலோசகரின் படிப்பையும் பயிற்சியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு அவரைத் தேடிப் போகிறவரிடமே இருக்கிறது.

முதலில் யாரிடம்?

சில அறிகுறிகள் இருந்தால் முதலில் மனநல மருத்துவரையே பார்க்க வேண்டும். யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, பல நாள் தூங்காமலே அளவு மீறிய உற்சாகத்தில் இருப்பது, வீட்டாரே தனக்குக் கெடுதல் செய்கிறார்கள் என்ற அசையாத சந்தேகம், சாப்பாட்டை அடியோடு ஒதுக்குவது, குடியை நிறுத்தியதும் வரும் நடுக்கமும் குழப்பமும், தற்கொலை எண்ணம் ஆகியவை அத்தகையவை. இங்கே பேச்சு மட்டும் போதாது.

உடலையும் விட்டுவிடக் கூடாது. தைராய்டு குறைவும் வைட்டமின் பி12 குறைவும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டக்கூடும். நீண்ட நாள் சோர்வுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

உயிருக்கு ஆபத்து என்ற நிலையில், தேர்ந்தெடுக்கும் வேலையெல்லாம் பிறகுதான். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி இயங்குகிறது. தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் செயல்படும் சிநேகா அமைப்பும் தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறது.

மற்றபடி நாள்பட்ட கவலை, மிதமான மனச்சோர்வு, பிரிவு, இழப்பு, வேலை நெருக்கடி, கணவன் மனைவி பிணக்கு, பழைய காயங்கள் போன்றவற்றுக்கு நேராக உளச்சிகிச்சையாளரிடம் போகலாம். மருந்தும் தேவை என்று தெரிந்தால், மனநல மருத்துவரிடம் அனுப்புவது அவருடைய கடமை. இரண்டும் ஒன்றாகவே நடக்கலாம்.

பிரச்சினைக்கு ஏற்ற முறை

உளச்சிகிச்சை ஒரே முறையல்ல. எண்ணங்களையும் பழக்கங்களையும் ஆராய்ந்து மாற்றுகிற சிபிடி எனப்படும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை ஒன்று. இளமைக்கால உறவுகள் இன்றைய நடத்தையில் எப்படித் தொடர்கின்றன என்று பார்க்கும் உளஇயக்கச் சிகிச்சை ஒன்று. குடும்பத்தையே ஒன்றாக உட்காரவைத்துப் பேசும் குடும்பச் சிகிச்சை ஒன்று. மனச்சோர்வு போன்ற பல பிரச்சினைகளில் முறைகளுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வை ஆய்வுகள் காணவில்லை. ஆனால் சில பிரச்சினைகளில் முறையே முக்கியம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஒரு பெண்ணுக்கு ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டைவிட்டுக் கிளம்பினால் கேஸ் அடுப்பை மூடினோமா என்ற சந்தேகம் வருகிறது. திரும்பிப் போய்த் திருகியைத் தொட்டுப் பார்க்கிறார். நிம்மதி வருகிறது. தெருமுனை போவதற்குள் அது கரைந்துவிடுகிறது. மறுபடியும் திரும்புகிறார். இவர் ஒரு சிகிச்சையாளரிடம் போகிறார். "கவலைப்படாதீங்கம்மா, நீங்க மூடியிருப்பீங்க" என்று அவர் ஆறுதல் சொல்கிறார். இவருக்கு மனம் லேசாகிறது. அடுத்த வாரமும் அதே ஆறுதலுக்காக வருகிறார். பேச்சு இதமாக இருந்தாலும் நோய் குறைவதில்லை. ஆறுதல் கேட்பதும் ஒருவகைச் சரிபார்ப்பாகிவிடுவதே காரணம்.

இந்த நோய்க்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இதன் தொடக்க வடிவத்தைப் பதிவு செய்தார். பயத்தை எதிர்கொள்ள விட்டு, அதைத் தணிக்கும் செயலை மட்டும் தடுப்பது இதன் சாரம். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் முதலில் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, பயப்படும் சூழல்களை எளிதிலிருந்து கடினம்வரை ஒரு தாளில் வரிசைப்படுத்துவார். பிறகு அடுப்பை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்து, திரும்பாமல் நிற்கச் சொல்வார். பதற்றம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணால் குறிக்கச் சொல்வார். எண் முதலில் ஏறும். சரிபார்க்காமலே இருந்தால் சிறிது சிறிதாக இறங்கும். இறங்காத நாளிலும், அந்தப் பதற்றத்தோடு இருக்க முடிகிறது என்ற அனுபவம் மிஞ்சும். இப்படிப் பல நாள், பல படிகள்.

இந்த இரு சிகிச்சையாளர்களும் அன்பானவர்களே. ஒருவருக்கு இந்த நோயில் பயிற்சி இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. பீதித் தாக்குதல், குறிப்பிட்ட பொருள்மீதான அச்சம், விபத்துக்கோ வன்முறைக்கோ பிந்தைய மனவடு ஆகியவற்றுக்கும் தனிப் பயிற்சி தேவை. ஆகவே ஒருவர் நல்ல சிகிச்சையாளரா என்ற கேள்வியை, இந்தப் பிரச்சினைக்கு நல்ல சிகிச்சையாளரா என்று முழுமையாகக் கேட்க வேண்டும்.

பொருத்தம் என்பது என்ன?

தகுதியும் பயிற்சியும் சரியாக இருந்தும் சிலரிடம் மனம் திறப்பதில்லை. இதைப் பலர் தங்கள் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வாளர்கள் இதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பார்க்கிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் இதை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். முதலாவது இலக்கு: எதற்காக வந்திருக்கிறோம் என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து. இரண்டாவது செய்முறை: அந்த இலக்கை அடைய அறையில் நடப்பதும் வீட்டில் செய்யச் சொல்வதும் அர்த்தமுள்ளவை என்ற உடன்பாடு. மூன்றாவது பிணைப்பு: இவர் என்னை மதிக்கிறார், இவரிடம் சொல்லலாம் என்ற நம்பிக்கை. இந்த மூன்றும் சேர்ந்ததைச் சிகிச்சைக் கூட்டுறவு என்று சொல்லலாம்.

பேசிப் பழக இனிமையானவராக இருந்தாலே பொருத்தம் என்று நினைத்துவிடுகிறோம். போர்டினின் பகுப்பில் பிணைப்பு மூன்றில் ஒன்று மட்டுமே. ஓர் இளைஞர் வேலையை விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வருகிறார். சிகிச்சையாளர் வாரம்தோறும் அவருடைய அப்பாவைப் பற்றியே பேசுகிறார். இருவருக்கும் நல்ல ஒட்டுதல் இருந்தாலும் இலக்கு வேறு வேறாக இருக்கிறது. அப்பாவைப் பற்றிப் பேசுவது தேவையானதாகவே இருக்கலாம். அப்படியானால் ஏன் தேவை என்பதைச் சிகிச்சையாளர் விளக்கியிருக்க வேண்டும்.

இந்தக் கூட்டுறவு பலனோடு எவ்வளவு தொடர்புடையது? 295 ஆய்வுகளையும் 30,000க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் உள்ளடக்கிய ஒரு தொகுப்பாய்வு 2018இல் வெளிவந்தது. பலனில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் கூட்டுறவின் தரத்தோடு சேர்ந்து செல்வதாக அது கண்டது. பார்வைக்குச் சிறிய எண்தான். நோயின் கடுமை, வறுமை, குடும்ப ஆதரவு என்று பலனைத் தீர்மானிப்பவை வெளியே ஏராளம். சிகிச்சை அறைக்குள் அளக்கக்கூடியவற்றில், நாடும் முறையும் மாறினாலும் திரும்பத் திரும்பத் தென்படுவது இந்தத் தொடர்பு. நாமே கவனித்து, நாமே மாற்றக்கூடியது என்பதால் இதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

முதல் போன், முதல் அமர்வு

தேடலை மூன்று பெயர்களோடு தொடங்குவது நல்லது. குடும்ப மருத்துவர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, சிகிச்சை பெற்றுத் தேறியவர்கள் ஆகியோரிடம் பெயர் கேட்கலாம். பிறகு ஒவ்வொருவரையும் அழைத்து ஐந்து நிமிடம் பேச வேண்டும். "எனக்கு ஆறு மாசமா தூக்கம் சரியில்ல மேடம். ஆபீஸ் போகணும்னாலே படபடப்பா இருக்கு. இந்த மாதிரிப் பிரச்சினையோட வர்றவங்களைப் பார்க்கிறீங்களா? எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்டால் போதும். கூடவே படிப்பு, பதிவு எண், கட்டணம், அமர்வின் நேரம், தமிழிலேயே பேசலாமா என்பவற்றையும் கேட்கலாம். இது அவமரியாதை ஆகாது. முறையாகப் பயின்றவர்கள் இந்தக் கேள்விகளுக்குப் பழகியவர்கள். எரிச்சலடைபவரை விட்டுவிட்டு அடுத்த பெயரை அழைக்கலாம்.

மொழியைச் சிறு விஷயமாக எண்ணக் கூடாது. பெருநகரச் சிகிச்சையாளர்களில் சிலருக்கு ஆங்கிலமே பயிற்சி மொழி. நம் மக்களோ துயரத்தைப் பெரும்பாலும் உடல்வழியே சொல்கிறார்கள். நெஞ்சை அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்கிறார்கள். அதைக் கேட்டவுடன் பிடித்துக்கொள்பவர் எதிரே இருந்தால் பாதித் தயக்கம் போய்விடும். பெண்ணிடம்தான் பேச முடியும், நம் ஊர்க்காரர் வேண்டாம், நம் மதத்தைப் பழிக்காதவர் வேண்டும் என்ற விருப்பங்களும் நியாயமானவையே. சொந்தக்காரரையும் நெருங்கிய நண்பரையும் மட்டும் தவிர்க்க வேண்டும். உறவும் சிகிச்சையும் கலந்தால் இரண்டும் கெடும்.

முதல் அமர்வில் பெரும்பாலும் கேள்விகள்தான் இருக்கும். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, பசி எப்படி, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், உயிரை விடலாம் என்று தோன்றியதுண்டா என்று கேட்பார். கடைசிக் கேள்வி அதிர்ச்சி தரலாம். ஆனால் கவனமாக வேலை செய்பவர் அதைக் கேட்டே தீர வேண்டும். முடியும்போது, தான் புரிந்துகொண்டது இன்னது, இப்படித் தொடங்கலாம், ஏறத்தாழ இத்தனை அமர்வுகள் ஆகலாம் என்று அவர் ஒரு சுருக்கம் சொல்ல வேண்டும். முதல் நாளே அழுது தீர்த்துவிட்டு வெளியே வரும்போது களைப்பாக இருப்பது இயல்பு. அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

குடும்பமும் இரகசியமும்

நம் ஊரில் அமர்வுக்கு நேரம் வாங்குபவர் பல சமயம் நோயாளி அல்லர். அம்மா, கணவர், அண்ணன் என யாரோ ஒருவர் போன் செய்கிறார். அறைக்குள்ளும் வருகிறார். "சார், இவன் யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான், போனும் கையுமாவே இருக்கான்" என்று அம்மாவே தொடங்குகிறார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இந்த இடத்தில் சிகிச்சையாளர் என்ன செய்கிறார் என்பது அவரைப் பற்றி நிறையச் சொல்லும். அம்மாவின் கவலையை மரியாதையோடு கேட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் வெளியில இருங்கம்மா, நான் தம்பிகிட்டத் தனியாப் பேசறேன்" என்று சொல்ல வேண்டும். எது வீட்டாருக்குத் தெரியும், எது தெரியாது என்பதை மகன் இருக்கும்போதே இருவரிடமும் விளக்க வேண்டும்.

இதற்குச் சட்டப் பின்புலம் இருக்கிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, அதன் 23ஆம் பிரிவில், சிகிச்சை பற்றிய இரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக்குகிறது. விலக்குகளும் உண்டு. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு, சிகிச்சைக்காக இன்னொரு நிபுணருக்குச் சொல்லும் தேவை ஆகியவை அவற்றில் சில. குழந்தைமீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிக்க வேண்டிய கடமை சிகிச்சையாளருக்கும் உண்டு. நல்ல சிகிச்சையாளர் இந்த எல்லைகளைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் நாம் கேட்கலாம். காணொளி வழியாகச் சிகிச்சை பெறுபவர்கள் தங்கள் பக்கத்து இரகசியத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு அறை வீட்டில் கதவுக்கு அப்பால் மாமியார் உட்கார்ந்திருந்தால், மொட்டைமாடியோ நிறுத்திவைத்த காரோதான் அந்த நேரத்துக்கு ஏற்ற இடம்.

நான்கு அமர்வுக்குப் பின்

பெரும்பாலும் மூன்று, நான்கு அமர்வுகளில் ஒரு மதிப்பீட்டுக்கு வர முடியும். எதை நோக்கிப் போகிறோம் என்று எனக்குத் தெரிகிறதா? இங்கே செய்வது அதற்கு உதவும் என்று படுகிறதா? சொல்லத் தயங்கும் ஒன்றை இவரிடம் சொல்ல முடிகிறதா? அல்லது ஒருநாள் முடியும் என்றாவது தோன்றுகிறதா? போர்டின் சொன்ன மூன்று கூறுகளே இந்தக் கேள்விகள்.

சங்கடமாக இருப்பதால் மட்டும் பொருத்தமில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பிசியோதெரபியில் விறைத்த மூட்டை அசைக்கும்போது வலிப்பதுபோல, தவிர்த்துவந்த ஒன்றைத் தொட்டால் மனமும் வலிக்கும். அந்தச் சங்கடத்துக்கு ஒரு காரணம் தெரியும். அதைப் பற்றி அவரிடமே பேசவும் முடியும். அவமானப்பட்டதுபோலவும் குறுக்கு விசாரணைக்கு ஆளானதுபோலவும் திரும்பத் திரும்ப உணர்ந்தால் அது வேறு.

நெருடலைச் சொல்லிவிடுவது நல்லது. "நான் சொல்லாவிட்டாலும் சிகிச்சையாளருக்கே தெரியாதா" என்று கேட்கலாம். தெரியாமல் போவதே அதிகம் என்கிறது 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு. 550 பேரில் யார் யார் சிகிச்சை முடிவில் மோசமாவார்கள் என்று சிகிச்சையாளர்களிடம் கணிக்கச் சொன்னார்கள். அவர்கள் சுட்டியது 3 பேரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். சுட்டிய மூவரில் சரியாக இருந்தது ஒருவர் மட்டுமே. நோயாளிகள் அவ்வப்போது நிரப்பித் தந்த எளிய கேள்வித்தாளோ பெரும்பாலானவர்களை முன்கூட்டியே அடையாளம் காட்டியது. எதிரே இருப்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், நாம் சொன்னால்தான் தெரியும்.

ஆகவே, "போன வாரம் நீங்க சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்றோ, "இது எனக்குப் பயன்படுற மாதிரித் தெரியல" என்றோ நேராகச் சொல்லலாம். பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது கடினம்தான். எழுதிக்கொண்டுபோய் வாசிக்கலாம். உறவில் விழுந்த விரிசலைப் பேசிச் சரிசெய்வதே சிகிச்சையை முன்னெடுக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அவர் தற்காத்துக்கொள்ளாமல் கேட்கிறாரா, ஏதாவது மாற்றுகிறாரா என்று பாருங்கள். பேசிய பிறகும் ஒன்றும் மாறவில்லை என்றால் ஆளை மாற்றலாம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விலகினால், அவரே பொருத்தமான இன்னொருவரைப் பரிந்துரைக்கவும் கூடும். ஒருவர் பொருந்தவில்லை என்பதை வைத்துச் சிகிச்சையே நமக்குச் சரிப்படாது என்ற முடிவுக்குப் போக வேண்டியதில்லை.

பேசிப் பார்க்கக் காத்திருக்காமல் உடனே விலக வேண்டிய சூழல்களும் உண்டு. இத்தனை அமர்வில் குணமாவது உறுதி என்று வாக்குக் கொடுப்பவர், பெரிய தொகையை முன்பணமாகக் கேட்பவர், மற்றவர்களின் கதையைப் பெயரோடு சொல்பவர், டாக்டரைக் கேட்காமலே மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், அடிவாங்கும் மனைவியிடம் பொறுத்துப்போ என்பவர் ஆகியோரிடமிருந்து விலக வேண்டும். காதலோ பாலியல் நெருக்கமோ காட்டுவது கடுமையான நெறிமீறல். ஒருபாலீர்ப்பை "மாற்றித் தருகிறேன்" என்பதும் அப்படியே. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் பிறப்பித்த உத்தரவில் இத்தகைய முயற்சிகளைத் தடைசெய்தார். அந்த வழக்கின் இடையில், பொருளை முழுதும் புரிந்துகொள்ள விரும்பித் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்வுக்குச் சென்றார். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அந்த அறைக்குள் போனதையும் அதை வெளிப்படையாகப் பதிவு செய்ததையும், போகக் கூசி நிற்கும் எவரும் நினைத்துப் பார்க்கலாம்.

பணமும் இடமும்

இவ்வளவும் வசதியுள்ளவர்களுக்கு மட்டும்தானா என்ற கேள்வி நியாயமானது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், 1794இல் தோன்றிய மருத்துவமனையின் தொடர்ச்சியாக இயங்கும் அரசு மனநல நிலையத்திலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு கட்டணமின்றிச் செயல்படுகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அங்கே ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு குறைவு. ஆனாலும், உளவியலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். பெண் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேட்கலாம். அடுத்த முறையும் இவரிடமே வரலாமா என்று கேட்கலாம். தனியாரில் சிலர் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். இதுவும் கேட்டால்தான் தெரியவரும். உடல்நோயைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பல பாலிசிகள் மருத்துவமனையில் தங்கும் செலவை மட்டுமே ஏற்கின்றன. வாரந்தோறும் வந்துபோகும் செலவு அடங்குமா என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னவற்றிலிருந்து ஓர் எளிய ஒழுங்கு கிடைக்கிறது. போவதற்கு முன் தகுதியையும் பயிற்சியையும் சரிபார்ப்பது. போன பின் இலக்கு, செய்முறை, பிணைப்பு மூன்றையும் கவனிப்பது. நெருடினால் சொல்வது. சொல்லியும் மாறாவிட்டால் ஆளை மாற்றுவது. குறையே இல்லாத சிகிச்சையாளரைத் தேடத் தேவையில்லை. பிரச்சினைக்கேற்ற பயிற்சியும், கேட்கும் பொறுமையும், தவறைத் திருத்திக்கொள்ளும் மனமும் உள்ள ஒருவர் போதும்.

ஆனால் இந்தச் சரிபார்ப்பு முழுவதையும் துயரத்தில் இருப்பவர் தலையில் சுமத்துவது முறையல்ல. பதிவு பெற்றவர்கள் யார், எந்த ஊர், எந்தப் பிரச்சினைகளில் பயிற்சி, தமிழில் பேசுவார்களா, கட்டணம் எவ்வளவு என்ற விவரங்களை மாவட்டவாரியாகத் தமிழில் தொகுத்து ஒரே இடத்தில் வெளியிட மாநில அரசால் முடியும். அதற்குப் பெரிய செலவும் ஆகாது. 14416ஐ அழைப்பவருக்கு அந்தப் பட்டியலிலிருந்தே பக்கத்து ஊரில் உள்ள மூன்று பெயர்களைச் சொல்லலாம். அது வரும்வரை, வீட்டில் ஒருவர் சோர்ந்துபோயிருந்தால், போய்ப் பார் என்று சொல்வதோடு நின்றுவிடாமல், பெயர்களைத் தேடிப் பதிவு எண்ணைச் சரிபார்த்து முதல் போனைச் செய்து கொடுப்பதே நாம் செய்யக்கூடிய நல்ல உதவி. யாரிடம் தொடர்வது என்ற முடிவை அவரிடமே விட்டுவிட வேண்டும்.